பூட்டுக்காரர் மகன் போட்ட வகுத்தல் கணக்கு



போன மழைக்காலத்தில் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிப்போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கீசர் ரிப்பேர் என்பதால் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. நல்ல வேளையாக வீட்டில் ஆள் இருந்தார்கள், மெயினை அணைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு செயற்குழுக் கூட்டத்தில், இதைப் பற்றி யாராவது எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்களேன் என்று பேச்சு வந்தது. நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் கரண்டுக்கும் உள்ள உறவு மாதாமாதம் பில் கட்டுவதோடு சரி. ஆனாலும் உட்கார்ந்து படித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அந்த பாக்ஸ் உருகியதற்கான காரணம் ஒரு வகுத்தல் கணக்கில் அடங்கிவிடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. அந்தக் கணக்கை உலகத்துக்குக் கொடுத்த மனிதர் அதற்காகத் தன் வேலையையும் பல வருடங்களையும் இழந்திருக்கிறார். கணக்கைச் சொல்வதற்கு முன்னால் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டறையும் பள்ளிக்கூடமும்

அவர் பெயர் கேயார்க் சைமன் ஓம். ஜெர்மனியில் பவேரியா பகுதியிலுள்ள எர்லாங்கன் என்ற ஊரில் 1789 மார்ச் 16 அன்று பிறந்தார். அப்பா யோகான் வுல்ஃப்காங் ஓம், பூட்டு செய்பவர். அம்மா ஒரு தையற்காரரின் மகள். ஏழு குழந்தைகள் பிறந்ததில் தங்கியது மூன்று பேர்தான். கேயார்க், தம்பி மார்ட்டின், தங்கை எலிசபெத். கேயார்கின் பத்தாவது வயதில் அம்மா இறந்துவிட்டார்.

அந்த அப்பாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அவர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். பகலெல்லாம் அரமும் சுத்தியலும் பிடித்த கையால் இரவில் புத்தகம் பிடித்துத் தானாகவே கணிதமும் அறிவியலும் கற்றுக்கொண்டார். கற்றதைத் தன் இரண்டு பையன்களுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். ஊரில் இருந்த பள்ளியில் கிடைத்ததைவிட அப்பாவிடம் அவர்கள் கற்றதுதான் அதிகம். எர்லாங்கன் பல்கலைக்கழகத்து கணிதப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் அந்தப் பையன்களைச் சோதித்துப் பார்த்து, கணிதத்தில் புகழ்பெற்ற பெர்னூலி குடும்பத்தோடு ஒப்பிட்டுப் பாராட்டினாராம். மார்ட்டினும் பின்னாளில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஆளாக்கிய மகன் 1805இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் என்ன செய்தார் தெரியுமா? நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ். புத்தகத்தைத் தொட்டதாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் நடப்பதுதான் அங்கும் நடந்தது. அப்பாவுக்குக் கோபம். மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்தி, 1806இல் மகனை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பள்ளியில் கணித வாத்தியார் வேலை. வயது பதினேழு.

அந்த வருடங்கள் அவரைத் திருத்தின. வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஆய்லர், லப்லாஸ் போன்ற பெரிய கணித மேதைகளின் நூல்களைத் தானே படித்தார். 1811இல் ஊர் திரும்பி, அதே எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே விரிவுரையாளராகவும் சேர்ந்தார். ஆனால் வருமானம் வயிற்றுக்குப் போதவில்லை. மூன்று பருவங்களில் அதை விட்டுவிட்டு பாம்பர்க் என்ற ஊரில் ஒரு சாதாரணப் பள்ளியில் வேலைக்குப் போனார். அந்தப் பள்ளியும் 1816இல் மூடப்பட்டது.

1817இல்தான் கொஞ்சம் நல்ல காலம் பிறந்தது. கொலோன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கணித, இயற்பியல் ஆசிரியர் பதவி. பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பின்னாளில் பெரிய கணித மேதையான டிரிஷ்லே அங்கே அவரிடம் படித்த மாணவர். நிலையான சம்பளம், மரியாதையான வேலை. நம்மில் பலர் அங்கேயே நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். ஓமுக்கு மனசு கேட்கவில்லை.

ஆரம்ப இருப்பு மாறினால் கணக்கு எப்படி டேலி ஆகும்?

அந்தக் காலத்து நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1800இல்தான் இத்தாலியின் வோல்டா முதல் மின்கலத்தைச் செய்து காட்டியிருந்தார். 1820இல் டென்மார்க்கின் எர்ஸ்டட், கம்பியில் கரண்ட் ஓடினால் பக்கத்தில் உள்ள காந்த ஊசி திரும்புகிறது என்று கண்டுபிடித்தார். கரண்ட் என்று ஒன்று ஓடுகிறது என்பது தெரியும். எவ்வளவு ஓடுகிறது, எதைப் பொறுத்துக் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதற்கு ஒரு கணக்கு இல்லை. வோல்ட், ஆம்பியர் என்ற அளவுகளே அப்போது கிடையாது.

ஓம் எளிமையான கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டார். கம்பி நீளமாக ஆக, கரண்ட் எவ்வளவு குறைகிறது? பல நீளங்களில் கம்பிகளை மாற்றி மாற்றிப் போட்டு, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். 1825இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அதில் சொன்ன சூத்திரம் தவறு.

எதனால் தவறு? அவர் பயன்படுத்திய மின்கலம் ஒரே சீராக கரண்ட் தரவில்லை. இணைத்தவுடன் அதிகமாகத் தரும், சிறிது நேரத்தில் தொய்ந்துபோகும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு முறை லெட்ஜரைத் திறக்கும்போதும் ஆரம்ப இருப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் கூட்டல் கழித்தலை எத்தனை முறை சரிபார்த்தாலும் டேலி ஆகாது.

அறிவியல் இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த பொகன்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். மின்கலத்தை விட்டுவிட்டு, வெப்பத்தால் மின்சாரம் தரும் அமைப்பைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றார். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் கரண்ட் ஓடும். இதை சீபெக் என்பவர் சில வருடங்களுக்கு முன்புதான் கண்டிருந்தார். ஓம் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் சூடும் பனிக்கட்டியின் குளிரும் மாறாது. ஆகவே மின்சாரத்தைத் தள்ளும் விசையும் மாறாது. ஆரம்ப இருப்பு நிலைத்துவிட்டது.

பிறகு ஒரே பருமனுள்ள எட்டு செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். மிகச் சிறியது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கவிட்ட காந்த ஊசி காட்டிய அளவைக் குறித்தார். 2 அங்குலக் கம்பிக்கு ஏறத்தாழ 327. 130 அங்குலக் கம்பிக்கு 48½.

நீளம் 65 மடங்கு கூடியிருக்கிறது. கரண்ட் 65இல் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டாமா? ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேலே அல்லவா நிற்கிறது? இங்கேதான் ஓமின் கூர்மை. அளக்கும் கம்பி மட்டும் கரண்டைத் தடுப்பதில்லை, மின்சாரம் தரும் கருவியும் தன் பங்குக்குத் தடுக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அந்தத் தடை 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம் என்று எண்களிலிருந்தே கணக்கிட்டார். நீங்களே போட்டுப் பாருங்கள். 2உடன் 20¼ கூட்டினால் 22¼. 130உடன் கூட்டினால் 150¼. பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஏறத்தாழ 6¾. 327ஐ 48½ஆல் வகுத்தாலும் அதேதான் வருகிறது. நடுவில் இருந்த கம்பிகளின் அளவுகளும் இதே சூத்திரத்துக்குள் நெருக்கமாக வந்து உட்கார்ந்தன. கணக்கு டேலி ஆகிவிட்டது.

1826இல் இதை வெளியிட்டு, முந்தைய வருடத்துச் சூத்திரத்தின் இடத்தில் புதியதை வைத்தார். ஒரு வருடம் முன்பு தன் பெயரில் அச்சான தவறைத் தானே திருத்தினார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வேலையை விட்ட ஆசிரியர்

நல்ல பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையில், பள்ளியில் அரைச் சம்பளத்தில் ஒரு வருட விடுப்பு வாங்கிக்கொண்டு பெர்லினுக்குப் போனார். தம்பி மார்ட்டின் அங்கே இருந்தார். 1827இல் மின்சுற்றைக் கணித முறையில் விளக்கும் தன் புத்தகத்தை வெளியிட்டார். தள்ளும் விசை, ஓடும் கரண்ட், தடுக்கும் தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவு அதில் முழுமையாக இருந்தது.

வரவேற்பு மிகவும் குறைவு. அன்றைய ஜெர்மனியில் மின்சாரத்தை ஆராய்ந்த பலருக்கு இவ்வளவு கணிதம் பழக்கமில்லை. புத்தகமும் கடினமான நடையில் இருந்தது. போல் என்ற பேராசிரியர், இதற்கு எந்த ஆதாரமும் இல்லை, வெறும் கற்பனை என்ற தோரணையில் கடுமையாக விமர்சித்தார். ஓம் எதிர்பார்த்த பதவி வரவில்லை. 1828இல் கொலோன் வேலையையும் ராஜினாமா செய்துவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் பெர்லினில் சின்னச் சின்ன வேலைகள். ராணுவப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். 1831இல் ஃபெக்னர் என்ற ஆய்வாளர் நிறையச் சோதனைகள் செய்து ஓமின் கணக்கு சரி என்று காட்டினார். ஆனாலும் ஓமின் நிலை உடனே மாறவில்லை. 1833இல் நூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவர் ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் அது இல்லை. ஆனால் நிலையான வேலை.

மதிப்பு வெளியூரிலிருந்துதான் வந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த விருதான கோப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அதே வருடம் அவருடைய புத்தகம் ஆங்கிலத்திலும் வந்தது. அதற்குப் பிறகு சொந்த ஊர்க்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். 1849இல் மியூனிக்குக்கு அழைக்கப்பட்டார். அங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் நாற்காலி 1852இல் கிடைத்தது. புத்தகம் எழுதி இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது இரண்டே வருடம். 1854 ஜூலை 6 அன்று மியூனிக்கில் காலமானார்.

இன்னொரு செய்தியும் உண்டு. இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்ற செல்வந்தர், ஓமுக்குப் பல வருடம் முன்பு, 1781லேயே ஏறக்குறைய இதே உறவைக் கண்டிருந்தார். தன் உடம்பிலேயே ஷாக் வாங்கி, எவ்வளவு வலிக்கிறது என்று ஒப்பிட்டு அளந்தார். ஆனால் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டாரே தவிர வெளியிடவில்லை. நூறு வருடம் கழித்து, 1879இல் மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஓம் தன் கணக்கை ஊரறிய அச்சிட்டார், திட்டும் வாங்கினார். ஆனால் அந்தக் கணக்கு நமக்குக் கிடைத்தது அவரால்தான்.

1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு அளவுகளுக்குப் பெயர் வைத்தது. தள்ளும் விசைக்கு வோல்ட், ஓட்டத்துக்கு ஆம்பியர், தடைக்கு ஓம். பூட்டுக்காரர் மகனின் பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது நம் வீட்டுக் கணக்கு

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் வோல்ட். குழாயில் வரும் தண்ணீர் ஆம்பியர். குழாயின் குறுகல் ஓம். உயரம் கூடினால் தண்ணீர் கூடும், குறுகல் கூடினால் தண்ணீர் குறையும்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்.
வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர்.
வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்.

மூன்றாவது வரியில் உள்ள வாட் என்பது திறன், அதாவது ஒரு நொடிக்கு எவ்வளவு வேலை அல்லது சூடு. கம்பியில் ஓடும் கரண்ட் எவ்வளவு சூட்டைக் கிளப்பும் என்பதை 1840களின் தொடக்கத்தில் அளந்து சொன்னவர் மான்செஸ்டர் பக்கத்து ஜூல். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை ஓமால் பெருக்கினால் சூடு வந்துவிடும். ஓம் போட்ட அஸ்திவாரத்தின் மேல் இதுவும் சரியாகப் பொருந்துகிறது.

இனி அந்த ஹீட்டர் ராடுக்கு வருவோம். அதன் மேல் 1500 வாட் என்று எழுதியிருந்தது. நம் வீட்டு வோல்டேஜ் 230. 1500ஐ 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6½ ஆம்பியர். அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் அடியில் 6 ஆம்பியர் என்று போட்டிருந்தது. கொள்ளளவைத் தாண்டியாயிற்று.

அரை ஆம்பியர்தானே என்று கேட்பீர்கள். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பழைய பாக்ஸில் பிளக் கெட்டியாக உட்காராமல் ஆடியது. தொடும் இடம் சரியில்லை என்றால் அங்கே ஒரு சிறு தடை உண்டாகும். அது வெறும் அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். ராடின் தடை எவ்வளவு? 230ஐ 6½ஆல் வகுத்தால் ஏறத்தாழ 35 ஓம். அதோடு அரை ஓம் சேர்ந்தால் கரண்ட் மிகச் சிறிதளவே குறைகிறது. ஆனால் ஜூல் கணக்கின்படி, அந்த அரை ஓம் இடத்தில் மட்டும் ஏறத்தாழ 20 வாட் சூடு கிளம்புகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சொருகி இருபது நிமிடம் வைத்தால் என்ன ஆகும்? ஓம் 1826இல் கண்ட அதே விஷயம்தான். நாம் கவனிக்கிற பொருள் மட்டும் தடை அல்ல. நாம் கவனிக்காத இடமும் தடைதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. சாயங்காலம் வோல்டேஜ் குறைந்தால் கீசர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது? 2000 வாட் கீசரின் தடை 26½ ஓம் அளவில் இருக்கும். அது மாறாது. வோல்டேஜ் 180க்கு இறங்கினால் கரண்ட் 6.8 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1225 வாட் அளவுதான். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்ததற்கு, சூடு ஐந்தில் இரண்டு பங்கு அளவு குறைந்துவிடுகிறது. கீசர் மீது குற்றமில்லை.

இந்தக் கணக்கு கீசர், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு அப்படியே பொருந்தும். ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏ.சி. போன்ற மோட்டார் உள்ளவற்றுக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் கணக்கு கொஞ்சம் வேறு. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள சூடாக்கும் சாதனங்கள் ஒவ்வொன்றின் லேபிளிலும் உள்ள வாட்டைப் பார்த்து 230ஆல் வகுத்து ஒரு தாளில் எழுதுங்கள். 6 ஆம்பியர் தாண்டுவதெல்லாம் 16 ஆம்பியர் பாயிண்டில் மட்டும் போட வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷனில் இரண்டு மூன்று சாதனம் என்றால் ஆம்பியர்களைக் கூட்டிப் பாருங்கள். சுவிட்சை அணைத்த பிறகு பிளக்கை ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ, பழுப்பேறியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, அந்த பாயிண்டை மாற்றிவிடுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம்.

அப்பாவின் பட்டறையில் வளர்ந்த ஒரு பள்ளி வாத்தியார், முதலில் தவறாகப் போட்டு, பிறகு திருத்தி, அதற்காக வேலையையும் விட்டுச் சரி பார்த்துக் கொடுத்த கணக்கு இது. நமக்குச் செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலும்தான். போட்டுப் பார்க்காமல் விடலாமா?